சொல்வியம்மா கொரலு எனக்கு நல்லா வரும்

அண்ணாச்சி, கொஞ்சம் நகந்து உக்காருங்க. இல்ல இல்ல, சன்னலு ஒங்களுக்குத்தான், எனக்கு வேண்டாம். சன்னல்ல இருந்தா உள்ள என்ன நடக்குதுன்னு பாக்க முடியாது, இங்கன இருந்தா வெளிய என்ன ஓடுதுன்னு பாக்க முடியாது. ரெண்டும் அவஸ்தைதான். பையை மேல வைக்கவா, மடியில வைக்கவா? மேல வச்சா விழுந்துருமோன்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே வரணும். சரி, மடி.

தமிழ்தானே? கையில பேப்பரப் பாத்ததும் எனக்கு உசுரு வந்துச்சு. கொல்லத்துலேர்ந்து வாயப் பொத்திக்கிட்டு வாறேன் அண்ணாச்சி. என்னால முடியுமா அது? இந்தக் கண்டக்டரு இருக்கான்லா, அவன் கொரலு நாக்குலயே நிக்கு. இந்தா கேளுங்க. "கேறி நிக்கு, கேறி நிக்கு, முன்னோட்டு கேறி நிக்கு!" பாத்தியளா, அந்தச் சேலைக்காரம்மா நெசமாவே ரெண்டு எட்டு முன்னால போயிட்டாவ. அவன் திரும்பிப் பாக்கான். நீங்க பேப்பரப் பாருங்க, நான் சன்னலப் பாக்கேன்.

போயிட்டான். இங்கேர்ந்து வைட்டிலா எம்புட்டு நேரம் ஆகும்? ஆலப்புழை தாண்டியாச்சுல்லா? இந்த டிரைவரு என்ன, ஆமை முட்டைய மடியில வச்சுக்கிட்டு ஓட்டுதானா?

எம்பேரு தொம்மை. தூத்துக்குடி. தோணியில பாய் கெட்டி வளந்தவன், பள்ளிக்கூடம் மழைக்கு ஒதுங்குனதோட சரி. கொச்சியில போல்காட்டிப் பக்கம் ஒரு பாய்ப்படகு கெட்டிக் கெடக்கு, மரப்படகு, ரெண்டு பாய்மரம். அதுல மறுபடி ஏறத்தான் போறேன். எம் மச்சினன் ரெமி, எம் பொஞ்சாதி கித்தேரிகூடப் பொறந்தவன், அவன் அதுலதான் இருக்கான். நேத்து ஃபோன் போட்டான். "ஓய் மச்சான், சொல்வியம்மா ஒம்ம ஏத்திக்கிடுதேன்னுட்டாவ, வாரும். ஆனா படகுல கால வைக்கதுக்கு முந்தி நீரு ஒரு வார்த்தை சொல்லணுமாம்." என்ன வார்த்தைலேன்னேன். "ஒமக்கே தெரியும் மச்சான்"னு வச்சுட்டான்.

எனக்கு என்ன தெரியும்? சொல்லுதேன், நீங்களே கேட்டு நியாயம் சொல்லுங்க. ஒங்களப் பாத்தா வாத்தியாரு மாதிரி இருக்கு. இல்லையா? நாகர்கோயில்ல பாத்திரக்கடையா? நல்லதாப் போச்சு, கொரலு கணீர்னு இருக்கும்.

சொல்வியம்மான்னா நார்வேக்காரி. பேரு வேற என்னமோ நீளமா, வாயில நொழையாது, நாங்க சொல்வியம்மான்னு ஆக்கிட்டோம். அறுவது எழுவது இருக்கும். நெட்டப் பனை ஒசரம். படகு அவியளுக்குச் சொந்தம், அவியளே கேப்டன். சிரிக்கவே மாட்டாவ. பேசுததும் ஒத்தை ஒத்தை வார்த்தைதான். தொண்டைக்குள்ள சரளக்கல்லப் போட்டு உருட்டுன மாதிரி, கடைசில மூக்கால ஒரு ஊது. "தொம்மி! ரோப்! ஹ்ம்." "தொம்மி! ஸ்லோ! ஹ்ம்." "தொம்மி! நோ! ஹ்ம்." எப்படி? அச்சு அசலு. ரெமியே சொல்லுவான், "மச்சான், கண்ண மூடுனா அவிய நிக்காவ"ன்னு. இது சும்மா வருமா? எங்க பங்குச் சாமியாரு கொரல்ல ஒருதரம் ஒலிபெருக்கியில "பூசைக்கு நேரமாச்சு"ன்னு சொல்லி பாதி ஊரக் கோயிலுக்குள்ள கொண்டாந்துட்டேன். அப்பப் பதினொரு வயசு. அடி வாங்குனேன், அது கெடக்கட்டும்.

எங்களைக் கொச்சியிலதான் ஏத்துனாவ, ஒரு பனிக்காலத்துல. பனிக்காலம்னா நம்மூரு பனிக்காலம். இந்தப் பக்கத்துக் கடலு அந்த மாசத்துல தொட்டிலு அண்ணாச்சி. காலைல கரைக்காத்து மெதுவாத் தள்ளிவிடும், மத்தியானம் கடக்காத்து மெதுவாக் கூட்டியாரும். சட்டையே கெடையாது எங்களுக்கு. மாலத்தீவு வரைக்கும் போனோம், ஒரு கயித்தை இழுத்துக் கெட்டிட்டு மூணு தரம் சீட்டு வெளையாடலாம். எனக்குத்தான் தாங்கல. சும்மா இருக்க முடியுமா? பாயத் தொடுவேன், சுக்கானத் தொடுவேன். "தொம்மி! நோ! ஹ்ம்."

அதுல ஒண்ணு. எங்க தோணியில காலைல எந்திரிச்சதும் மொத வேலை, கடத்தண்ணிய மொண்டு மேத்தட்டு பூரா ஊத்துததுதான். வெயில்ல மரம் காஞ்சு பலகைக்குப் பலகை வாயப் பொளந்துக்கிடும்லா, உப்புத்தண்ணி குடிச்சா ஊதிக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கிடும். அங்கயும் யாரையும் கேக்காம ஊத்துனேன். சொல்வியம்மா காப்பியோட மேல வந்து பாத்தாவ. குனிஞ்சு பலகையத் தடவுனாவ. "குட், தொம்மி." அம்புட்டுதான். ஹ்ம்கூட இல்ல. அண்ணாச்சி, எங்கப்பன் சாகுத வரைக்கும் என்னைய நல்லா இருக்குலேன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதுக்குப் பொறவு நான் ஒருநாள் விட்டிருப்பேனா? காச்சல்லகூட ஊத்துனேன்.

பஸ்ஸு ஏன் நிக்கு? ஆளு ஏறுதா? ஏறட்டும் ஏறட்டும்.

அப்புறம் அவிய ஊருக்குப் போனோம். எந்தக் கடலு, எந்தக் காவாய்னு கேக்காதிய, வளைஞ்சு வளைஞ்சு போனோம். அந்த ஊருல பனிக்காலம் வந்தா படகு வச்சிருக்கவன் எல்லாம் அதக் கரையில ஏத்தி, தார்ப்பாயப் போட்டு மூடி, வீட்டுக்குள்ள அடுப்புக்கிட்ட குந்திருவானாம். சொல்வியம்மா மட்டும் அப்பத்தான் பாயத் தூக்குவாவ. திமிங்கலம் பாக்க, ராத்திரி வானத்துல பச்சையா என்னமோ ஓடும் அதப் பாக்க, துட்டுக் குடுத்து ஆளு வரும். ஜெர்மன்காரரு ஒரு பல்லு டாக்டரு வந்திருந்தாரு, சம்சாரத்தோட. நல்ல மனுசன். ஒண்ணுக்குப் போகணும்னா ஏழு உடுப்பக் கழத்தணும் அவரு. ஒவ்வொண்ணாக் கழத்தி, கடைசி உடுப்புக்கு வரும்போது, "ஓ... ஓ... டூ லேட்!" அத நான் செஞ்சு காட்டுவேன் பாருங்க, அவரு சம்சாரம் அழுதுருவாவ சிரிச்சு.

ஆனா குளிரு, யம்மாடி. கடலு உறையாது, அது ஒரு அதிசயம். கயிறு உறையும். முருங்கக்காய் மாதிரி வெறச்சு நிக்கும், மடக்குனா மடங்காது. பாயி கருவாடு. இரும்பத் தொட்டா தோலு ஒட்டிக்கிடும். சூரியன் வாறதே இல்ல, மத்தியானம் ஒரு சாம்பக் கலரு வெளிச்சம் வந்து, தப்பான வீட்டுக்கு வந்துட்டமோன்னு திரும்பிப் போயிரும். உள்ள அடுப்பப் போட்டா நாம விடுத மூச்சே கூரையில தண்ணியா ஒட்டி, சொட்டுச் சொட்டா மூக்குல விழும். காத்து அங்க மலை இடுக்குலேர்ந்து திடீர்னு எறங்கும், சொல்லிட்டு வராது. கொச்சியில மூணு தரம் சீட்டு வெளையாடுன நேரத்துல அங்க மூணு தரம் செத்துருவோம். இடுப்புல பட்டி கெட்டி, அதக் கம்பியோட மாட்டிக்கிட்டுத்தான் நடக்கணும். சொல்வியம்மா அதுலதான் கொஞ்சம் மொகம் மலந்து இருப்பாவ. கண்ணு மின்னும். எனக்கும் புடிச்சிருந்துச்சு அண்ணாச்சி. சும்மா இருக்கவே நேரம் இல்லல்லா அங்க! எல்லாம் நம்மளக் கொல்லப் பாக்குது, கை ஓஞ்சு இருக்கதே கெடையாது. அந்த மாதிரி சந்தோசமா நான் எங்கயும் இருந்ததில்ல. நெசமாச் சொல்லுதேன். அதனாலதான் போறேன். கித்தேரி நெனைக்கா சம்பளத்துக்குன்னு.

சாயங்காலம் ஆனா படக ஜெட்டியில, அதான் படகுத்துறையில, கெட்டிட்டு உள்ள அடுப்பச் சுத்தி உக்காருவோம். அப்பறம் நம்ம கச்சேரிதான். டாக்டரு, டாக்டரு சம்சாரம், ரெமி, காத்து, திமிங்கலம், எல்லாத்தையும் செய்வேன். கடைசியில சொல்வியம்மா. அவிய எதுத்தாப்புலயே இருந்து கயிறு பின்னிக்கிட்டு இருப்பாவ. "தொம்மி! ரோப்! ஹ்ம்." எல்லாரும் உருளுவாவ. அவிய மட்டும் தலையத் தூக்க மாட்டாவ. அதான் எனக்குப் பந்தயம். ஒருநாள் சிரிக்க வைக்காம விட மாட்டேன்னு கங்கணம். காலைல, சாயங்காலம், மேல, கீழ, எப்பவும் அந்தக் கொரலுதான். ரெமி மேல வேலையா நின்னா, கீழ இருந்து "ரெமி! ஹெல்ப்!"னு கத்துவேன், பய வுழுந்தடிச்சு ஓடி வருவான். பாவம். அப்பறம் அப்பறம் அவன் வாறதில்ல. "போரும் மச்சான்"னுட்டு சிரிப்பான்.

இதுல தப்பு இருக்கா? சொல்லுங்க. நாலு பேரு சிரிச்சா தப்பா?

இப்பக் கேளுங்க. ரெண்டு மூணு வாரமா ஒரே சிணுக்கு மழை. மேத்தட்டு நனஞ்சே கெடந்துச்சு, எனக்கு வாளி எடுக்கவே வேலையில்ல, கை அரிக்கி. ஒருநாள் காலைல எந்திரிச்சுப் பாக்கேன், மழை விட்டு, வானம் தொடச்ச மாதிரி, நச்சத்திரம் எல்லாம் நிக்கு, பலகை காஞ்சு கெடக்கு. குளிருன்னா அன்னைக்குத்தான் குளிரு, மூக்குக்குள்ள முடி வெறைக்கி. எனக்கு ஒரே குசி. வாளிய எடுத்தேன். மொண்டு மொண்டு மொகப்புலேர்ந்து பின்னால வரைக்கும் ஊத்துனேன். ஜெட்டி வெளக்கு பட்டு மேத்தட்டு கண்ணாடி மாதிரிப் பளபளன்னு நிக்கு. சொல்வியம்மா வந்து பாக்கட்டும்னு நெனச்சேன். பொறவு கேனு ரெண்டையும் தூக்கிக்கிட்டு குடிதண்ணி எடுக்கப் போயிட்டேன். ஜெட்டிக் கொழாய்ல தண்ணி உறஞ்சு அடச்சிருந்துச்சு, கொட்டகைக்குத்தான் போகணும், கொஞ்சம் நடை.

அவிய காப்பியோட மேல வந்திருக்காவ. வழுக்கிட்டு. எப்படின்னு கேக்காதிய, அந்த ஊருல எல்லாம் வழுக்கும், அவியளுக்கும் வயசாயிட்டுல்லா. அப்படியே வேலிக் கம்பிக்குக் கீழ சறுக்கிப் போயி, படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவுல, தண்ணிக்குள்ள. அந்தத் தண்ணியில கொஞ்ச நேரந்தான் அண்ணாச்சி, கை நம்ம பேச்சக் கேக்காது, அப்பறம் வாய் கேக்காது, அப்பறம் ஒண்ணும் கேக்காது.

கத்தியிருக்காவ. "ரெமி! ஹெல்ப்! தொம்மி! ரோப்!"

ரெமி கீழ முட்டை பொரிச்சுக்கிட்டு இருந்திருக்கான். கேட்டுட்டு என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? "ஓய் மச்சான், இன்னைக்குப் பிரமாதமா வருது! இன்னொருக்கச் சொல்லும்!"

அவிய இன்னொருக்கக் கத்தியிருக்காவ. டாக்டரும் சம்சாரமும் போர்வைக்குள்ள கெடந்துக்கிட்டே கை தட்டியிருக்காவ. கை தட்டுனாவ அண்ணாச்சி! அவிய கொரலுக்கு, என்னோடதுன்னு நெனச்சு! எங்க வேணும்னாலும் போய்க் கேளுங்க, இப்படி ஒருத்தனுக்கு நடந்திருக்கான்னு. சினிமாவுல இருக்க வேண்டியவன்னு கித்தேரிகிட்ட சொன்னேன், அவ அடுக்களைக்குள்ள போயி கதவச் சாத்திட்டா.

சிரிக்க மாட்டேங்கிய. சரி, கேளுங்க.

நான் கேனோட வாறேன். பாத்தா, படகு இடிக்காம இருக்க ஜெட்டியில தொங்கவிட்ட டயரு ஒண்ணப் புடிச்சுக்கிட்டு ஒரு கை. நீலம். மொகம் தெரியுது, வாய் தெறந்து கெடக்கு, சத்தம் இல்ல. கேன எறிஞ்சேன். ஜெட்டியில குப்புறப் படுத்து காலரப் புடிச்சுட்டேன், தூக்க முடியல, அம்புட்டு உடுப்பும் தண்ணி குடிச்சு கல்லாக் கனக்கு. "ரெமி! லே ரெமி! அவிய தண்ணிக்குள்ள கெடக்காவலே! ஓடி வாலே!" தொண்டை கிழியக் கத்துதேன். என் சொந்தக் கொரலு. அந்தப் பய என்ன கேக்கான் தெரியுமா உள்ளேர்ந்து?

"இது யாரு கொரலு மச்சான்? இது புதுசா இருக்கே!"

கூடப் பொறக்காத தம்பி மாதிரி வளத்த பய. என் சொந்தக் கொரல அவன் அதுவரைக்கும் கேட்டதே இல்ல போலுக்கு.

கக்கத்துல கயித்தக் குடுத்து, சுருக்குப் போட்டு, ஜெட்டி இரும்போட கெட்டி, ஏணிப் பக்கமா இழுத்து, ஒத்தையா ஏத்துனேன். ஒத்தையா! ஏத்துததுல அவிய வலது தோளு எறங்கிப் போச்சு. இன்னைக்கும் அந்தக் கைய தலைக்கு மேல ஒசத்த முடியாதாம், பாய்க்கயிறு இழுக்க ஆகாதாம். ஆனா உசுரு இருக்குல்லா? யாரு ஏத்துனா? தொம்மை. கூப்புட்டும் வராதவன் யாரு? ரெமி. ஊருக்கு அனுப்புனது யார? தொம்மைய! இது எந்த ஊரு நியாயம்? இதத்தான் ரெண்டு வருசமா எல்லார்கிட்டயும் கேக்கேன்.

என்ன கேட்டிய? மேத்தட்டுத் தண்ணியா?

அண்ணாச்சி, நீங்க மெயின் கடையா, கிளையா? நாகர்கோயில்லயே பாத்திரக்கடைன்னா வேப்பமூடு பக்கம்தானே?

இல்ல, கேட்டாவதான். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து, கையத் தூளிகெட்டி, அடுப்புக்கிட்ட உக்காந்தாவ. எல்லாரும் இருக்கோம். ஒத்த வார்த்தை பேசுதவிய அன்னைக்கு முழுசாக் கேட்டாவ. மேத்தட்டுல யாரு தண்ணி ஊத்துனதுன்னு. அந்த இங்கிலீசு எனக்கே வெளங்கிச்சு. ரெமி தரையப் பாக்கான். என்னையப் பாத்துத்தான் கேட்டாவ. என் கண்ணத்தான் பாத்தாவ. ஒரே அமைதி, அடுப்பு மட்டும் சடசடங்கு. எனக்கு அந்த அமைதி ஆகாது அண்ணாச்சி. பாவம், அம்புட்டு வலியில இருக்காவளே, கொஞ்சம் சிரிக்கட்டும்னு, நான் டாக்டரு கொரல்ல, "ஓ... ஓ... நாட் மீ! ஐ ஆம் ஸ்டில் ரிமூவிங் மை பேண்ட்!"னேன்.

டாக்டரு சிரிச்சாரு. சம்சாரம் சிரிச்சாவ. ரெமிகூட ஒரு மாதிரி சிரிச்சான். சொல்வியம்மா எந்திரிச்சு உள்ள போயிட்டாவ. மறுநா காலைல டிக்கெட்டு வந்துட்டு. ஏர்போட்டுக்கு அவியளே வந்தாவ, வழி பூரா ஒரு "ஹ்ம்" இல்ல. நான் விமானம், ஏர்போட்டுல அறிவிப்புச் சொல்லுத அம்மா, எல்லாத்தையும் செஞ்சு காட்டிக்கிட்டேதான் போனேன். அவிய கண்ணாடி வழியா ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தாவ.

வீட்டுக்கு வந்தா இருப்புக் கொள்ளல. விசைப்படகுல போனேன், ஒரு மாசம். உப்பளத்துல போனேன், அது பாதி மாசம். கித்தேரி கொரல்ல அவ அம்மாகிட்ட ஃபோன் பேசி ஒரு சண்டை. அவ சொன்னா, "எங்கயாவது போங்க, ஆனா போம்போது ஒங்க வாயோட போங்க, அத இங்கன வுட்டுட்டுப் போகாதிய"ன்னு. ராத்திரி படுத்தா அந்தக் குளிரு வருது அண்ணாச்சி, நம்மூரு மே மாசத்துல. மூக்குக்குள்ள முடி வெறைக்கி. டயரப் புடிச்ச கை தெரியுது. எந்திரிச்சு நடப்பேன். தெரு நாயெல்லாம் எனக்குச் சேக்காளி இப்ப.

அரூரு பாலமா இது? அப்பம் வந்துட்டுல்லா. அய்யய்யோ.

ரெமி சொன்ன வார்த்தை என்னன்னு எனக்குத் தெரியாம இல்ல. சும்மா சொன்னேன் தெரியாதுன்னு. காலைலேர்ந்து சொல்லிப் பாக்கேன். பங்குச் சாமியாரு கொரல்ல சொன்னேன், நல்லா வந்துச்சு, ஆனா பாவமன்னிப்பு குடுக்க மாதிரி இருக்கு. ரெமி கொரல்ல சொன்னேன், அவன் திருட்டுப்பய மாதிரி இழுக்கான். கித்தேரி கொரல்ல சொன்னா என்னையத் திட்டுத மாதிரியே வருது. அவிய பதில் சொல்லுவாவல்லா, அதுகூடச் சொல்லிப் பாத்துட்டேன். கேளுங்க. "ஓகே, தொம்மி. கம். ஹ்ம்." அச்சு அசலு. அவிய சொல்ல வேண்டியது பூரா எனக்குப் பாடம். "கம், தொம்மி." அவ்வளவு நல்லா வருது, கேட்டா எனக்கே கண்ணு கலங்குது.

நான் சொல்ல வேண்டியதுதான், "மேடம், நான்"னு ஆரம்பிக்கேன். "மேடம், நான்..." அதுக்கு மேல வாயில யாருமே வர மாட்டேங்காவ. காத்துதான் வருது.

எந்திரிக்காதிய அண்ணாச்சி, ஒங்க எடம் இன்னும் வரல. வைட்டிலாதானே நீங்களும்? ரெண்டு நிமிசம் இருக்கு. பாத்திரக்கடைக் கொரலு, கணீர்னு இருக்கு, கூட்டாமக் கொறைக்காமப் பேசுதிய. நல்ல மனுசன் கொரலு. ஒரே ஒரு தடவை நீங்க சொல்லுங்களேன். "நான்தான் ஊத்துனேன், மன்னிச்சுக்கிடுங்க"ன்னு. அம்புட்டுதான். மெதுவாச் சொல்லுங்க, நான் புடிச்சுக்கிடுதேன்.